எடை மெஷின் பழசு

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியோர் இல்லத்தில் இப்போது அவள்தான் வார்டு இன்சார்ஜ். "அக்கா, பெட்டுக்குப் பெட்டு ஸ்க்ரீன் மாட்டிட்டாங்க. வீட்டுல இருந்து வீடியோ கால் வந்தா அதுவே எடுத்துக்கும். நாம யாரும் புடிச்சுக்கிட்டு நிக்க வேணாம். ஆனா ரூல்ஸ் ஒண்ணு எழுதித் தரச் சொல்றாங்க. நீங்கதான் இத்தன வருஷம் அந்த டூட்டி பாத்தீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள்.

அதுவே எடுத்துக்கொள்ளுமாம்! குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் துபாயில் இருக்கும் மருமகள் முகம் திடீரென்று வந்து நின்றால் என்ன ஆகும் என்று எவராவது யோசித்தார்களா? அவளிடமே கேட்டேன். "அதுக்குத்தானே அக்கா ரூல்ஸ்" என்று சிரித்தாள். இது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதியே தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவது முடித்து ஆறு மாத நர்சிங் உதவியாளர் படிப்பு, ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் பெட்பேன் தூக்கியது, கல்யாணம், மகன் டேனியல் பிறந்தது, பிறகு லிங்கராஜபுரத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இந்த இல்லத்து வேலை. அங்கே இருபத்திரண்டு வருடம். நாடி பார்ப்பதற்காக அன்று இடது கையில் கட்டிய கைக்கடிகாரம் இன்றைக்கும் அதே கையில்தான் இருக்கிறது.

கொரோனா வந்து இல்லத்துக் கேட்டைப் பூட்டிய வருடம்தான் வீடியோ கால் டூட்டி ஆரம்பித்தது. பிள்ளைகள் தெருவில் நின்று அழுவார்கள், உள்ளே இவர்கள் அழுவார்கள். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் ஸ்டெல்லா மேடம் ஒரு டேப்லெட்டை வாங்கிவந்து என் கையில் கொடுத்து, "எஸ்தர், இனி இது உங்க வேலை" என்றார். எனக்கு இதெல்லாம் தெரியாது மேடம் என்றேன். "எனக்கும் தெரியாது. உங்க பையனுக்குத் தெரியும்" என்று போய்விட்டார்.

ஸ்டெல்லா மேடம் ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்தவர். அந்த அம்மா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு நடந்தால் ரிஜிஸ்டரை நம் முன்னால் வைத்து, நாம் எழுதியதை நாமே சத்தமாகப் படிக்கச் சொல்வார். "படிங்க." அவ்வளவுதான். நாம் எழுதிய அபத்தம் நம் வாயாலேயே வரும்போது, நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். கேட் திறந்த பிறகும் இந்த டூட்டி நிற்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும்தான்.

பவித்ரா கேட்ட ரூல்ஸ் இதுதான். முதலில் பாத்ரூம். பேச்சு நடுவே 'வருது' என்றால் எல்லாம் போச்சு. அடுத்து மூக்குக் கண்ணாடி, அதுவும் துடைத்து. காது மெஷினை டேப்லெட் பக்கத்தில் கொண்டுபோனால் கீ என்று கத்தும், ஒரு முழம் தள்ளி உட்காரவைக்க வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் கரிக்கட்டை மாதிரி தெரிவார், முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். டேப்லெட்டை மடியில் வைத்தால் பிள்ளைகளுக்கு அப்பாவின் மூக்கு ஓட்டை மட்டும்தான் தெரியும். நான் சமையலறையிலிருந்து இட்லிப் பானையைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்து அதன் மேல் சாய்த்து வைப்பேன், சரியாகக் கண் மட்டத்துக்கு வரும். திரை மூலையில் நம் முகமே ஒரு சின்னக் கட்டத்தில் தெரியும் இல்லையா, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். ஒரு தாத்தா அந்தக் கட்டத்தைக் காட்டி, "யாரவன் கிழவன்? என் மக பக்கத்துல அவனுக்கு என்ன வேல?" என்று கத்தி, எழுந்து அடிக்கவே போய்விட்டார்.

வீட்டாருக்கும் ரூல் உண்டு. "நான் யாரு சொல்லுங்க பாக்கலாம்" என்று பரீட்சை வைக்கக் கூடாது. மறதிக்காரர்கள் பாவம், முழிப்பார்கள். "அப்பா, நான் ரவி, உங்க ரெண்டாவது பையன்" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். முக்கியமானது கடைசி ரூல். கால் முடிந்ததும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. திரை கறுத்த பிறகு அஞ்சு நிமிஷம் பக்கத்தில் உட்கார வேண்டும். பால் கொடுக்கலாம், என்ன சொன்னாள் மகள் என்று கேட்கலாம். சிலர் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களைத் தனியாக விட முடியாது.

இதுவரை எழுதியதை பவித்ரா அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளலாம். இதோடு நானாகச் சேர்த்துக்கொண்ட ரூல் ஒன்று இருந்தது. அதனால் ஒரு மகளுக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கால் வருவதற்கு அரை மணி முன்னால் தலை வாருவேன், பவுடர் பூசுவேன், பொட்டு வைப்பேன், இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிவிடுவேன். ஆண்களுக்கு ஷேவ். வீட்டாருக்கு வாயெல்லாம் பல். "எஸ்தர் அக்கா, அப்பா மாப்பிள்ளை மாதிரி இருக்கார்!" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. ஒரு நாளில் யார் எப்போது தெளிவாக இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரமாகப் பார்த்துத்தான் கால் நேரம் கொடுப்பேன். வாரத்திலேயே நல்ல கால் மணி நேரத்தைப் பொறுக்கி எடுத்து, அதற்குப் பவுடரும் பூசி அனுப்பினேன்.

விசாலாட்சி அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. தொம்மலூரில் பரம்பரையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மாநில அரசு ஆபீசில் செக்‌ஷன் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் சுதா, மெல்போர்னில். வீட்டுக்காரர் இறந்ததும் தனியாக முடியாது என்று தானே விசாரித்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். சேரும்போது நகைகளைக் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சுதா தாயின் வலது கையிலிருந்த இரண்டு தங்க வளையலையும் கழற்றப் பார்த்தாள். முடியவில்லை. சோப்பு போட்டாள், எண்ணெய் போட்டாள். அந்த அம்மா சிரித்தபடி, "கைய வெட்டித்தான் எடுக்கணும்டி" என்றார். 'வளையல் இரண்டு, சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை' என்று ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அன்று எடை ஐம்பத்திரண்டு கிலோ.

சனிக்கிழமை பத்தரைக்கு சுதாவின் கால். அங்கே மதியம் மூன்று. இரண்டு வருடம் ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு விசாலாட்சி அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். இரண்டு வாய், போதும் என்று தட்டைத் தள்ளிவிடுவார். டாக்டர் இதயம் பலவீனம் என்றார். மாதா மாதம் எடை இறங்கியது. நாற்பத்தேழு, நாற்பத்து நாலு, நாற்பத்து மூணு. பல்செட் தளர்ந்தது, கால் நேரத்துக்கு மட்டும் பசை வைத்து மாட்டுவோம். முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று இருந்தது, கடுகு நிறம், தடிமனானது. அதைப் போட்டு, தோளுக்குப் பின்னால் இரண்டு தலையணை கொடுத்து, கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பவுடர் பூசிவிட்டால் பழைய விசாலாட்சி அம்மாதான். அந்த அம்மாவே கேட்டு வாங்கிக்கொள்வார். "சுதா புது வேலைல சேந்து மூணு மாசம்கூட ஆகல. இப்ப லீவு கேட்டா வேலையே போயிடும். டிசம்பர்ல வரட்டும். அதுவரைக்கும் நீ என்ன ஒழுங்கா காட்டு, எஸ்தர்" என்றார். சரிம்மா என்றேன். ஒரு தாய் கேட்கிறார், நான் என்ன சொல்வது?

மாத ரிப்போர்ட் மெயிலில் சுதாவுக்குப் போகும். ஒரு சனிக்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டாள். "எஸ்தர் அக்கா, ரிப்போர்ட்ல அம்மா வெயிட் நாப்பத்து மூணுன்னு இருக்கே, தப்பா டைப் பண்ணிட்டாங்களா? ஸ்க்ரீன்ல பாத்தா அப்படித் தெரியலியே. நான் இப்பவே கிளம்பி வரணுமா? உண்மையச் சொல்லுங்க."

மேஜைக்கு அடியில் விசாலாட்சி அம்மாவின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது. என் வாயில் பட்டென்று வந்தது: "மெஷின் பழசும்மா. அப்பப்ப தப்பா காட்டும். அம்மாவத்தான் நேர்ல பாக்கறீங்களே!"

சுதா நிம்மதியாகச் சிரித்தாள். கால் முடிந்ததும் விசாலாட்சி அம்மா என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். நானும் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை ஆயா மஞ்சுளா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஹொஸ மெஷின் பந்து!" என்றாள் கன்னடத்தில். நமக்கு யார் புது மெஷின் அனுப்புவார்கள் என்று பிரித்தால், பளபளவென்று எடை மெஷின், விலை கூடியது. சுதா ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருந்தாள். மஞ்சுளாவுக்கு ஒரே குஷி. நான் தடுப்பதற்குள் விசாலாட்சி அம்மாவை வீல்சேரிலிருந்து தூக்கி அதன் மேல் நிறுத்திப் பிடித்துவிட்டாள். நாற்பத்தொன்று. பழைய மெஷினிலும் நிறுத்தினாள். அதுவும் நாற்பத்தொன்று.

சாயங்காலம் ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டார். மேஜையில் எடை ரிஜிஸ்டர், பக்கத்தில் சுதாவின் மெயில் அச்செடுத்தது. "படிங்க" என்றார். முதலில் எடைகளைப் படித்தேன். பிறகு மெயில். 'உங்கள் எடை மெஷின் பழசு என்று எஸ்தர் அக்கா சொன்னார்கள். புதிதாக ஒன்று அனுப்புகிறேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும். அம்மாவை இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி.'

"மெஷின் பழசா, எஸ்தர்?"

"இல்ல மேடம். விசாலாட்சி அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

"அவங்க வேணாம்னா நீங்க பேசாம இருந்திருக்கலாம். 'மேடத்தக் கேளுங்க'ன்னு என்கிட்ட அனுப்பியிருக்கலாம். நீங்க பேசாமயும் இருக்கல, அனுப்பவும் இல்ல."

பென்சிலை எடுத்தார், வைத்தார். "டிசம்பர் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்லல. நான் இன்னிக்கே சுதாவுக்குப் போன் பண்ணலாம். ஆனா எங்க ரிஜிஸ்டரயே அவங்க நம்பல, உங்க ஸ்க்ரீனத்தான் நம்பறாங்க. அதனால ஸ்க்ரீன்லயே சரி பண்ணுங்க. சனிக்கிழமை வரைக்கும் டைம். அதத் தாண்டினா நான் பண்ணுவேன். ஆனா ஒண்ணு, விசாலாட்சி அம்மாவுக்குத் தெரியாம எதயும் காட்டக் கூடாது."

அன்றைக்கே விசாலாட்சி அம்மாவிடம் போனேன். சுதாவிடம் உள்ளபடி காட்டிவிடலாமா என்று கேட்டதும் அந்த அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "நாப்பது பேரு வேல பாத்த செக்‌ஷன்ல ஒரு நாள்கூட நான் கலஞ்ச தலையோட போனதில்ல. என் பொண்ணு முன்னாடி பொக்க வாயோட, குச்சி மாதிரி உக்காரணுமா? வெக்கமா இருக்கு. நீயும் ஒரு தாய்தானே?"

"பல்லு மாட்டிக்குங்கம்மா. பவுடரும் போடறேன். ஆனா மெஷின் பழசுன்னு இன்னொரு வாட்டி என் வாயில வராது. சுதா கேட்டா நெசத்தச் சொல்லிடுவேன். அவ வேலை போனா வேற வேலை தேடிக்குவா. நீங்க போயிட்டா அவ எங்க போயித் தேடுவா?"

சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். விசாலாட்சி அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. பாலைக்கூட மஞ்சுளா கையில்தான் வாங்கிக் குடித்தார். நான் உள்ளே போனால் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. பத்து மணிக்கு வழக்கம்போல் இட்லிப் பானை, டேப்லெட், சீப்பு எல்லாம் கொண்டுபோனேன். தலை வாரவிட்டார். பொட்டு வைக்கவிட்டார். ஸ்வெட்டரை எடுத்தேன். "அது வேணாம்" என்றார். இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வலது மணிக்கட்டில் ஒரு கைக்குட்டை சுற்றியிருந்தது. வளையல் விழுந்துவிடாமலிருக்க அந்த அம்மாவே கட்டிக்கொண்டது. "இதயும் அவுத்துடு" என்றார். அவிழ்த்தேன்.

சுதா வந்தாள். "அம்மா, புது மெஷின் வந்துச்சா? வெயிட் பாத்தாங்களா?"

விசாலாட்சி அம்மா வலது கையைத் திரைக்கு நேரே தூக்கினார். வளையல் இரண்டும் முழங்கை தாண்டிப் போய் நின்றன. சுதாவுக்குப் பார்க்க நேரம் கொடுப்பது மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையைத் தொங்கவிட்டார். வளையல்கள் விரல் வழியாக வழுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மடியில் விழுந்தன.

"சோப்பு இல்லாமயே வருது பாரு, சுதா" என்றார்.

திரையைப் பார்த்தேன். சுதா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்து, "மெஷின் பழசுன்னீங்களே, எஸ்தர் அக்கா" என்றாள்.

"பொய் சொன்னேம்மா. மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

"நான்தான் அவளச் சொல்ல வெச்சேன்" என்றார் விசாலாட்சி அம்மா. பிறகு, இந்த மூன்று மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்: "நீ வாடி. எனக்கு உன்னப் பாக்கணும்."

ஐந்தாம் நாள் சுதா வந்து நின்றாள். வேலை போகவில்லை, லீவு கொடுத்தார்கள். அம்மாவோடு பத்தொன்பது நாள் இருந்தாள். ஊட்டிவிட்டாள், தலை வாரினாள், பக்கத்துக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் காலை, சுதா கையைப் பிடித்தபடியே விசாலாட்சி அம்மா போய்ச் சேர்ந்தார்.

கடைசி நாள் கணக்கு முடித்துக் கிளம்பும்போது சுதா என்னைத் தேடிவந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மானங்கெட்ட மனசு, அப்போதும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவள் கேட்டது வேறு. "மழை விட்ட சமயத்துல அம்மா நடந்துக்கிட்டுத்தானே இருந்தாங்க, அக்கா?"

"ஆமாம்மா. சாயங்காலம் கேட் வரைக்கும் போய்ட்டு வருவாங்க."

"நான் வந்தப்ப உக்காரக்கூட முடியல" என்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய் காரில் ஏறினாள். திட்டியிருந்தால் தேவலை. தாயும் மகளும் கைபிடித்துக் கேட் வரைக்கும் நடந்திருக்க வேண்டிய சாயங்காலங்களை நான் பவுடர் பூசி மறைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு ரூல் வைத்திருந்தேன். பவித்ரா, இதைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொள். பவுடர் பூசு, அவர்கள் ஆசைப்பட்டால் பூசு. ஆனால் கால் முடிவதற்கு முன்னால் கடைசி ஒரு நிமிஷம், அவர்கள் சம்மதத்தோடு, டேப்லெட்டைக் கையில் எடு. சாப்பிட்ட தட்டு எவ்வளவு மிச்சம் என்று காட்டு. காலைக் காட்டு. நடக்க முடிந்தால் நாலடி நடக்கவைத்துக் காட்டு. சம்மதம் இல்லையென்றால் காட்டாதே, மேடத்திடம் போய்ச் சொல். கேள்வி கேட்டால் மட்டும் பொய் சொல்லாதே. சுவரில் மாட்டிய ஸ்க்ரீன் கால் எடுக்கும். தட்டைக் காட்டாது.

இவ்வளவையும் நேற்று சாயங்காலம் எழுதி முடித்தபோது டேனியல் வீடியோ காலில் வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஆபீஸ் பக்கத்திலேயே குடித்தனம். ஊருக்கு இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் அவன். டிராஃபிக்கைச் சொல்லி மாதம் ஒரு தடவை வருவான், கால் மட்டும் தினமும் உண்டு.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்னையே கவனித்தேன். அவன் கூப்பிடும் நேரம் என்று தலை வாரியிருக்கிறேன். நாற்காலியை ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருக்கிறேன். போன் கண் மட்டத்துக்கு வர, அடியில் இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். முகத்தில் பவுடர் வேறு! நாசமாய்ப் போக என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இடது கையைத் திரைக்கு நேரே தூக்கினேன். "இந்த வாட்ச் வாரப் பாரு. இருபது வருஷமா மூணாவது ஓட்டைலதான் மாட்டுவேன். தீபாவளிக்கு அப்புறம் நாலாவது. இப்ப அஞ்சாவது."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏம்மா இதச் சொல்லவே இல்ல? டாக்டர்கிட்ட போனீங்களா? சரி, ஞாயித்துக்கிழம நான் வந்து..."

"ஞாயித்துக்கிழம வேணாண்டா" என்றேன். "நாளைக்கு வா."